நல்லக்காளின் மூன்றாவது குடம்

வெகுகாலத்துக்கு முன்னே, மந்திரவாதிகள் பட்டப்பகலில் தெருவில் நடமாடிய நாட்களில், அல்லிநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே வீட்டுக்கு வீடு பின்புறம் ஒரு குளம். குளத்தைச் சுற்றிப் பூச்செடிகள். அப்படி ஒரு வீட்டில் நல்லக்காளும் அவள் தங்கை சிட்டம்மையும் இருந்தார்கள். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்காள்தான்.

ஒருநாள் காலை, தாடி தரையில் புரள, கரிமாயன் என்ற மந்திரவாதி குளத்தங்கரைக்கு வந்து பூ கேட்டான். பூப் பறித்துக்கொண்டிருந்த சிட்டம்மை அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தருகிறேன் ஐயா. தலைக்கா, தாடிக்கா?"

அவ்வளவுதான். கரிமாயன் தன் கோலைக் குளத்தில் நனைத்து உதறினான். சிட்டம்மை நின்ற இடத்தில் ஒரு மல்லிகைச் செடி நின்றது.

நல்லக்காள் ஓடிவந்து அவன் காலில் விழுந்தாள். "சின்னப் பெண், சாமி. வாய் கொஞ்சம் துடுக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள்."

"செடி பூத்தால் பெண்ணாவாள். மூன்றாவது பங்குனி முடிவதற்குள் பூக்காவிட்டால் என்றைக்கும் செடிதான்," என்றான் அவன். போகிறபோது திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "நீதானே வளர்க்கப்போகிறாய்? பார்க்கலாம்."

அந்தச் சிரிப்பு நல்லக்காளுக்கு அப்போது விளங்கவில்லை.

விடிந்தால் குளத்தில் குடத்தை முக்குவாள். "ஒரு குடம் உன் இலைக்கு. ஒரு குடம் உன் வேருக்கு. ஒரு குடம் என் மனசுக்கு," என்று சொல்லி ஊற்றுவாள். முதல் வருஷம் செடி இடுப்பளவு வளர்ந்தது. பூக்கவில்லை.

இரண்டாம் வருஷம் குளத்தைத் தூர் வாரி, கறுப்பு வண்டலையெல்லாம் செடியடியில் கொட்டினாள். ஒரு குடம் இலைக்கு, ஒரு குடம் வேருக்கு, ஒரு குடம் மனசுக்கு. செடி கூரையைத் தொட்டது. இலை, இலை, இலை. மொட்டு ஒன்றுகூட இல்லை.

பக்கத்து வீட்டுப் பேச்சி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்ன நல்லக்கா, மல்லிகைதானா இது, கீரையா? மார்கழியில் கவாத்து பண்ணாமல் எந்த மல்லிகை பூக்கும்? தண்ணியை நிறுத்து. முழங்கால் உயரத்துக்கு வெட்டு. இலையை உருவு."

அல்லிநாட்டில் குழந்தைக்கும் தெரிந்த சேதி அது. நல்லக்காளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு மார்கழியும் அரிவாளை எடுத்துக்கொண்டு போவாள். செடி ஒரு கிளையைச் சாய்த்து அவள் தோளில் வைக்கும். அரிவாளோடு திரும்பி வந்துவிடுவாள்.

"உன் மகள் கையை நீ வெட்டுவாயா, பேச்சி?"

பேச்சி உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் வருஷம் கார்த்திகை மழை ஓய்ந்த காலையில் நல்லக்காள் குடத்தோடு வந்தபோது, குளத்திலிருந்து ஓர் ஆமை தலையை நீட்டியது.

"மூன்றாவது குடத்தை யார் குடிக்கிறார்கள், தெரியுமா?" என்றது ஆமை.

நல்லக்காள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நீதான். அந்தப் பெண் மூழ்கிக்கொண்டிருக்கிறாள். வெட்டு."

"ஆமை எப்படிப் பேசும்?"

"மந்திரவாதி கோலை நனைத்த தண்ணீரில் நானும்தானே கிடந்தேன்."

"அப்படியானால் அவன் சொல்லிக் கொடுத்துப் பேசுகிறாயோ என்னவோ."

"இருக்கலாம்," என்றது ஆமை. "எனக்கே தெரியாது." தண்ணீருக்குள் போய்விட்டது.

வெட்டாவிட்டால் தங்கை என்றைக்கும் செடி. வெட்டி, அவள் செத்துப்போனால்? கொன்றது மந்திரவாதி அல்ல, வளர்த்த கை. நல்லக்காள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அரிவாளைத் தீட்டினாள். கிளை வழக்கம்போல அவள் தோளில் சாய்ந்தது. அந்தக் கிளையைத்தான் முதலில் வெட்டினாள்.

வெட்டிய இடத்தில் நீர் கசிந்தது. அதை முந்தானையால் ஒற்றிவிட்டு அடுத்ததை வெட்டினாள். கடைசியில், ஓர் இலை விடாமல் உருவியபோது, முழங்கால் உயரத்துக்குச் சில குச்சிகள் மிஞ்சின.

பேச்சி வந்து பார்த்தாள். வழக்கமான கேலி அவள் வாயில் வரவில்லை. "மூன்று வருஷம் முற்றின கட்டை. இப்போது தாங்குமோ என்னமோ," என்றாள்.

தை போயிற்று. விடிந்தால் கை தானாகக் குடத்தை முக்கும். நிறைகுடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊற்றாமல் உட்கார்ந்திருப்பாள். வெயில் ஏறும். குடத்துத் தண்ணீர் சூடாகும். திரும்பக் குளத்தில் கொட்டுவாள். வாழ்நாளில் அவள் செய்த வேலைகளிலேயே கடினமான வேலை அதுதான். தலைமயிர் பாதி நரைத்துவிட்டது.

மாசி போயிற்று. தளிர் இல்லை. ஒரு குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பழுப்பு. இன்னொன்றைக் கீறினாள். பழுப்பு. தரையை ஒட்டி அடிக்கட்டையில் கீறினாள். நூல் பருமனுக்கு ஒரு பச்சை.

அன்றைக்கு ஒரே ஒரு கை தண்ணீர் ஊற்றினாள். மனசுக்கு ஊற்றவில்லை.

பங்குனி கடைசி நாள், பொழுது சாய்கிற நேரம். மெலிந்த தளிர் நுனியில் ஒரே ஒரு மொட்டு இருந்தது. வெயில் வேலிக்குக் கீழே இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இதழ் பிரிந்தது.

சாபம் முறிந்த அந்தக் கணத்தில் எங்கோ ஒரு சந்தையில் கரிமாயனின் தாடி அடியோடு உதிர்ந்தது; மந்திரங்களும் அதோடு உதிர்ந்தன. குளத்து ஆமை வாயைத் திறந்து பார்த்தது. பேச்சு வரவில்லை. நிம்மதியாக மூழ்கியது.

செடி நின்ற இடத்தில் சிட்டம்மை நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். இடுப்பைத் தொட்ட கூந்தல் காதோரம் வரைதான் இருந்தது. இரண்டு தோளிலும் வரிவரியாகத் தழும்பு.

"வலித்தது, அக்கா," என்றாள்.

நல்லக்காள் தலை குனிந்தாள்.

"அதற்கு முன்னால் வலிக்கக்கூட இடமில்லை. எங்கே பார்த்தாலும் இலை. காலையில் உன் குடத்துச் சத்தம் கேட்டாலே பயமாக இருக்கும்."

நல்லக்காள் தழும்பைத் தொடக் கை நீட்டி, தொடாமல் நின்றாள். சிட்டம்மை அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"தாகமாக இருக்கிறது," என்றாள்.

நல்லக்காள் குடத்தை எடுத்தாள். குளத்தில் முக்கப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு வேண்டும், சிட்டு?"

மூன்று வருஷத்தில் அவள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

"ஒரு கை போதும், அக்கா."

ஒரு கை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தாள், விரலிடுக்கில் ஒழுகிவிடாமல்.