மருத்துவமனையை இழுக்கும் வண்டி

“அம்மா, மருத்துவமனை ஆயத்தமாக நிற்கிறது. அதை இழுக்கத்தான் வண்டி இல்லை” என்றார் மாசிலாமணி.

வெள்ளிமுடி மலையின் அடிவாரத்தில் இருந்த மடத்திற்குக் கமலவேணி அம்மை தலைவர். மாசிலாமணி அவருடைய சீடர். வயதில் அவரைவிட மூத்தவர். மடத்தில் சேர்வதற்கு முன், மலைமேல் இருந்த ஊர்களுக்கு உரமும் சிமென்ட்டும் கொண்டு சென்ற லாரிகளுக்கு உரிமையாளர். தாமே ஓட்டியும் பழகியவர்.

லாரிகளை விற்றுவிட்டு வந்தவருக்கு முற்றம் பெருக்கும் வேலை கிடைத்தது. வேறு பணி கேட்டபோதெல்லாம் அம்மை, “முற்றம் இன்னும் இருக்கிறதே” என்றார்.

இப்போது புளியமரத்தடியில் நீண்ட டிரெய்லர் ஒன்று நின்றது. அன்பர் ஒருவர் கொடுத்தது. உள்ளே கட்டில்கள், பரிசோதனைக் கருவிகள், மருந்து அலமாரி, தண்ணீர்த் தொட்டி, மருத்துவர் தங்குவதற்கு ஓர் அறை. முன்பக்கம் சக்கரம் இல்லை. இழுக்கும் லாரியின் முதுகில் கழுத்தை ஊன்றி அமர்ந்தால்தான் அதனால் நகர முடியும்.

மலைமேல் மருத்துவர் இல்லை. சென்ற மழைக்காலத்தில், மாலைப் பேருந்து போன பிறகு பாம்பு கடித்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பாதி வழியில் கட்டிலை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு அவசரம் இருக்கவில்லை.

“இந்த மழைக்கு முன் இது மேலே போக வேண்டும், அம்மா. அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுங்கள்.”

“எப்படிப்பட்ட வண்டி வேண்டும்?”

“வலிமையான வண்டி.”

“வலிமை என்றால்?”

“முழுச் சுமையோடு, மூச்சு வாங்காமல் ஏற்றம் ஏற வேண்டும்.”

அம்மை டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தார்.

“கொண்டு வாருங்கள், ஐயா. சரியான வண்டி என்றால் பொறுப்பு உங்களுடையது. இல்லை என்றால் மருத்துவமனை மரத்தடியிலேயே இருக்கட்டும்.”

“மரத்தடியில் இருந்தால் யாருக்குப் பயன்?”

“மரத்தடியில் இருந்தால் யாருக்கும் கேடு இல்லை.”

மாசிலாமணி சங்ககிரிக்குப் போனார். அங்கே லாரிகளை வாங்கி விற்கும் பொன்னுரங்கம் அவருடைய பழைய நண்பர்.

“வாங்க சாமி! மடத்துக்குப் போனா லாரி மறந்துபோகும்னு நெனச்சேனுங்க. பாத்தா, நேரா இங்கதான் வந்து நிக்கறீங்க!”

“இழுக்கிற வண்டி வேண்டும், பொன்னுரங்கம்.”

பொன்னுரங்கம் ஒரு சிவப்பு லாரியின் கதவைத் தட்டிக் காட்டினார்.

“இது யானைங்க. மலையவே கட்டி இழுத்தாலும் பின்னாடியே வருமுங்க.”

“மலை வேண்டாம். மருத்துவமனை வந்தால் போதும்.”

சோதனை நாளன்று மருத்துவர் தமயந்தி டிரெய்லரின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மலையில் பணியாற்ற ஒப்புக்கொண்டு வந்திருந்தவர் அவர்.

“என் கருவிகளை வைத்து யாரும் சோதனை செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அதே எடைக்கு மணல் மூட்டை ஏற்றுங்கள்.”

அவ்வாறே ஏற்றினார்கள். தொட்டியில் தண்ணீரும் நிரப்பினார்கள்.

மாசிலாமணி லாரியைப் பின்னால் எடுத்தார். டிரெய்லரின் கழுத்து லாரியின் முதுகில் இருந்த இணைப்புத் தட்டில் அமர்ந்து பூட்டிக்கொண்டது. அவர் இறங்கிவந்து பார்த்தபோது, அம்மை டிரெய்லருக்குள் ஏறிக்கொண்டிருந்தார்.

“அம்மா, இது சோதனைதானே? உள்ளே யாரும் இருக்க வேண்டியதில்லை.”

“மருத்துவமனையில் யாரும் இருக்க மாட்டார்களா?”

அம்மை ஒரு மூட்டையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சிவப்பு லாரி மலையை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. செங்குத்தான ஏற்றத்திலும் அதன் குரல் மாறவில்லை. பேருந்துகளே ஒதுங்கி வழிவிட்டன. மாசிலாமணிக்குப் பழைய நாள்களின் துள்ளல் தோள்களில் திரும்பியிருந்தது. உச்சியில் இருந்த சந்தைத் திடலில் வண்டியை நிறுத்தியபோது, பொறுப்பு தமக்கே என்று அவர் உறுதி செய்துகொண்டார்.

சந்தைத் திடலின் சுமைதூக்குவோர் மாசிலாமணியை நன்கு அறிந்தவர்கள். வண்டி நிற்பதற்குள் கொக்கிகளோடு ஓடிவந்தார்கள். அவர்களுக்குத் தலைவரான செங்கோடன் டிரெய்லரின் கதவைத் திறந்தார்.

“அண்ணனுக்கு மலை மறக்கலீங்க! என்ன லோடுங்கண்ணா?”

“மணல்தான், செங்கோடா. இறக்கி ஓரமாக அடுக்கிவிடு. வண்டி கீழே போக வேண்டும்.”

செங்கோடன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அண்ணா, மூட்ட மேல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க.”

“எழுந்திருப்பார்கள்.”

“அம்மா, கொஞ்சம் எந்திரிங்க. மூட்டய எறக்கோணும்.”

“ஏன் இறக்க வேண்டும்?” என்று கேட்டார் அம்மை.

செங்கோடனுக்கு இந்தக் கேள்வி புதிது. அவர் மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தார்.

“மேல வந்தா எறக்கறதுதானுங்க அம்மா. லோடு மேல. வண்டி கீழ. எங்கப்பன் காலத்துல இருந்து அப்படித்தானுங்க.”

அம்மை மாசிலாமணியிடம் கேட்டார்:

“மருத்துவமனை இறங்கும்போது கட்டில்களை யாரிடம் கொடுத்துவிட்டு இறங்குவீர்கள், ஐயா?”

மாசிலாமணி உள்ளே அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தார்.

“மருத்துவரை?” என்றார் அம்மை.

சுமைதூக்குவோரில் ஒருவர் சிரித்தார். செங்கோடன் அவரை முழங்கையால் இடித்தார்.

“மூட்டைகள் இருக்கட்டும். நானும் இருக்கிறேன். ஓட்டுங்கள், போகலாம்” என்றார் அம்மை.

மாசிலாமணி லாரியைச் சுற்றி வந்தார். ஏறும்போது அவர் முன்னால் மட்டுமே பார்த்திருந்தார். இப்போது பின்னால் பார்த்தார்.

பின்புறம் ஒற்றை அச்சு. டிரெய்லரின் கழுத்து அழுத்தியதில் லாரியின் முதுகு தாழ்ந்திருந்தது. முதுகு தாழ்ந்ததனால் மூக்கு உயர்ந்திருந்தது. திருப்ப வேண்டிய முன்சக்கரங்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தனவே தவிர, ஊன்றியிருக்கவில்லை.

அவர் ஏறி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். எதிரே சாலை சரிந்து, வளைவில் மறைந்தது. பின்னால் மணலும் தண்ணீரும் அம்மையும் இருந்தார்கள். வாழ்நாள் முழுவதும் அவர் இந்தச் சாலையில் காலி வண்டியோடுதான் இறங்கியிருந்தார். பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கியிருந்தார்.

சாவியைத் தொட்ட கை அதைத் திருப்பவில்லை.

அவர் இறங்கி வந்தார்.

“அம்மா, இந்த வண்டி இறங்காது.”

“ஏறியதே?”

“ஏறும். பின்னால் இருப்பதை இழுக்கும். பின்னால் இருப்பது தள்ளினால் தாங்காது.”

அம்மை எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். திடலின் மறுபக்கம் புறப்பட நின்ற பேருந்தில் ஏறிக்கொண்டார்.

“மொதல்லயே இதத்தானுங்கண்ணா சொன்னோம்” என்று சொல்லிக்கொண்டே செங்கோடன் முதல் மூட்டையில் கொக்கியைப் போட்டார்.

சிவப்பு லாரி திரும்பி வந்ததைக் கண்டு பொன்னுரங்கத்தின் முகம் வாடிவிட்டது.

“என்னங்க சாமி, யானையத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க? ஏறலீங்களா?”

“நன்றாக ஏறியது.”

“அப்பறம் என்னங்க கொற?”

“எனக்கு நிற்கிற வண்டி வேண்டும்.”

“நிக்கற வண்டியா? நம்ம ஷெட்டுல நெறைய நிக்குதுங்க. ஒண்ணும் நகரவே மாட்டேங்குது. எது வேணுமோ எடுத்துக்கங்க!”

மாசிலாமணி சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு லாரியின் அடியிலும் படுத்தார். பொன்னுரங்கம் குனிந்து குனிந்து பதில் சொன்னார்.

“முதுகில் எவ்வளவு வைக்கலாம்?”

“எவ்வளவு இழுக்கும்னு கேளுங்க சாமி. முதுகயெல்லாம் யாரு கேக்கறாங்க?”

“டிரெய்லரின் கனத்தில் ஒரு பங்கு முதுகில்தானே உட்காருகிறது? நான் கேட்கிறேன்.”

மதியத்திற்குள் பொன்னுரங்கம் குடையைக் கொண்டுவந்து விரித்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு சாம்பல் நிற லாரி அகப்பட்டது. பின்னால் இரட்டை அச்சு. நீண்ட உடல். தானே கனமான வண்டி. பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் அதில் இருந்தது.

“இது கொஞ்சம் சோம்பேறிங்க சாமி. ஏத்தத்துல பின்னாடி வர்றவன் வைவான்.”

“வையட்டும்.”

மடத்திற்கு வந்த பிறகும் அவர் நிறைவடையவில்லை. டிரெய்லரின் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, தேய்ந்திருந்த பிரேக் கட்டைகளை மாற்றினார். லாரியிலிருந்து டிரெய்லரின் பிரேக்குக்குச் செல்லும் காற்றுக் குழாய்களில் கசிவு உண்டா என்று தண்ணீர் ஊற்றிச் சோதித்தார். முற்றம் பெருக்கப்படாமல் கிடந்தது. அம்மை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மருத்துவர் தமயந்தி வந்து சாம்பல் நிற லாரியைப் பார்த்தார்.

“இதுவா? அந்தச் சிவப்பு வண்டி எவ்வளவு மிடுக்காக இருந்தது!”

“இது மெதுவாகத்தான் போகும், டாக்டர்.”

“அங்கே நோயாளிகள் காத்திருப்பார்கள், மாசிலாமணி.”

“தெரியும். நீங்களும் போய்ச் சேர வேண்டும். திரும்பியும் வர வேண்டும்.”

வானம் மேற்கே கறுக்கத் தொடங்கியிருந்தது. மீண்டும் மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். டிரெய்லரின் கழுத்து முதுகில் அமர்ந்தபோது சாம்பல் நிற லாரி சற்றே தாழ்ந்து, பிறகு நிலைகொண்டது. அம்மை யாரும் அழைக்காமலே ஏறி உட்கார்ந்தார்.

ஏற்றத்தில் லாரி முனகியது. பின்னால் பேருந்து ஒன்று இடைவிடாமல் ஒலி எழுப்பியது. சாலை அகன்ற இடத்தில் முந்திச் சென்ற அதன் ஓட்டுநர், சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“ஏனுங்க, கல்யாணத்துக்கா போறீங்க? கொழந்தைக்குப் பேரு வெக்கறதுக்குள்ளயாச்சும் போய்ச் சேந்துருங்க!”

பேருந்து முழுவதும் சிரித்தது. மாசிலாமணி அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தைத் திடலில் செங்கோடன் கொக்கியோடு வந்தார். மாசிலாமணி கையை உயர்த்தித் தடுத்தார்.

“இன்றைக்கு இறக்க ஒன்றும் இல்லை, செங்கோடா.”

“லோடு இருக்குதே அண்ணா?”

“இருக்கிறது. அது என்னோடு வருகிறது.”

“எறக்காம எறங்குவீங்களா? உங்களுக்கு மடத்துல என்னமோ ஆயிருச்சுங்கண்ணா.”

மாசிலாமணி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிந்து, புறங்கையால் சூடு பார்த்தார். சூடு ஆறும் வரை காத்திருந்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். சரிவு தொடங்கும் முன்பே, மிகத் தாழ்ந்த கியரைப் போட்டார்.

லாரி இறங்கத் தொடங்கியது.

பின்னால் இருந்த கனம் முழுவதும் முன்னே சாய்ந்து அவருடைய முதுகைத் தேடி வருவதை உணர்ந்தார். லாரி அதை வாங்கிக்கொண்டது. வேகம் கூடவில்லை. இயந்திரம் ஒரே சுருதியில் முரல்வதைத் தவிர வேறு ஓசை இல்லை. கருகும் வாடை வருகிறதா என்று மூக்கை உயர்த்திக்கொண்டே இருந்தார். ஈர மண்ணின் வாடைதான் வந்தது.

எல்லாவற்றிலும் கடுமையான சரிவின் நடுவே, ஒரு வெள்ளாட்டு மந்தை சாலையைக் கடந்தது. மாசிலாமணி பிரேக்கை அழுத்தினார்.

லாரி நின்றது. டிரெய்லரும் நின்றது. ஒரு சாண் அளவும் நழுவவில்லை.

ஆடுகள் நிதானமாகக் கடந்தன. மேய்ப்பவர் வண்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாசிலாமணி காதுகளைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அம்மை பின்னாலிருந்து ஏதேனும் சொல்வார் என்று எண்ணினார். ஒரு சொல்லும் வரவில்லை. மீண்டும் வண்டியை நகர்த்தினார்.

அடிவாரத்தில் மருத்துவர் தமயந்தி குடையோடு நின்றிருந்தார். முதல் தூறல் விழத் தொடங்கியிருந்தது. வண்டி மடத்து வாசலில் நின்றதும் அவர் விரைந்து வந்தார்.

“அம்மா என்ன சொன்னார்கள்?”

“இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.”

“வழியில்கூடவா?”

“வழியில்கூட.”

“அப்படியானால் இந்த வண்டியும் வேண்டாம் என்பார்களோ?”

மாசிலாமணி டிரெய்லரின் பின்னால் சென்றார். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார்.

அம்மை மணல் மூட்டையின் மேல் தலை வைத்து, வாய் சற்றே திறந்திருக்க, ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி அங்கேயே நின்றார். தூறல் அவருடைய தோள்களில் விழுந்தது. பிறகு ஓசைப்படாமல் கதவைச் சாத்தினார்.

“எழுப்பிக் கேட்கட்டுமா?” என்றார் மருத்துவர்.

“மெதுவாகப் பேசுங்கள், டாக்டர்.”

மருத்துவர் அவருடைய முகத்தைப் பார்த்தார். குடையை மடித்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மருந்துப் பெட்டிகளைக் கொண்டுவருவதற்காக ஈரத்தில் நடந்தார்.