சம்மட்டியின் நெஞ்சில் கோடாலிக் காம்பு

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது. அதிலும் பிச்சாண்டி ஆசாரியின் பட்டறையில் இருந்த சம்மட்டிக்கு வாய் கொஞ்ச நஞ்சமல்ல. அப்போது சம்மட்டிக்குக் காம்பு கிடையாது. தூக்க ஆள் வேண்டாம். தானே எழும், தானே விழும். அது ஓர் அடி அடித்தால் பட்டறைக் கூரை ஓடெல்லாம் அதிரும்.

ஆசாரியின் கையில் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். பழுத்த இரும்பில் அது எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறதோ அங்கேதான் சம்மட்டி விழ வேண்டும். சுத்தியல் இரும்பை விட்டுவிட்டு அதற்கு அடியில் இருக்கும் வெறும் பட்டடைக்கல்லில் 'டிங்' என்று தட்டினால், நிறுத்து என்று அர்த்தம். இந்த ஏற்பாடு சம்மட்டிக்கு அடியோடு பிடிக்கவில்லை.

"கட்டைவிரல் தண்டி இருந்துகிட்டு நீ எனக்கு இடம் காட்டுறியா?" என்று சுத்தியல்மேல் எரிந்து விழும்.

"நான் எங்க காட்டுறேன்? இரும்போட நிறத்தைப் பார்த்து ஆசாரிதான் காட்டுறாரு" என்று சுத்தியல் அமைதியாகச் சொல்லும். அந்த அமைதியே சம்மட்டிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

ஓர் ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. ஊருக்கு மேற்கே பெரிய மருதமரம் ஒன்று ஓடையின் குறுக்கே சாய்ந்து அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி, விறகு பிளக்கும் காத்தாயியின் வீட்டைச் சுற்றி ஏறத் தொடங்கியது. மண்சுவர் வீடு. அவளே மண் குழைத்து எழுப்பியது. அந்த ஊரில் மரம் வெட்டுகிற கோடாலி அவளிடம் இருந்த ஒன்றுதான், அதுவும் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள்.

"ஆசாரியாரே, சுவரு கரையுறதுக்குள்ள இதுக்குப் புது வாய் வச்சுக் குடுங்க. அந்த மரத்தை வெட்டிவிட்டாத்தான் என் வீடு நிக்கும்."

ஆசாரி காம்பைத் தட்டிக் கழற்றிச் சுவரோரம் சாத்தினார். கோடாலியைக் காய்ச்சி, தேய்ந்த வெட்டுவாயை உளியால் பிளந்து, நடுவில் புது உருக்குத் துண்டைச் செருகினார். மறுபடி உலையில் வைத்து, வெள்ளையாகப் பழுத்ததும் எடுத்துப் பட்டடையில் போட்டார். சுத்தியல் காட்டியது, சம்மட்டி அடித்தது. குறை சொல்லக் கூடாது, நன்றாகவே அடித்தது. பழைய இரும்பும் புது உருக்கும் ஒட்டத் தொடங்கின.

இரும்பின் நிறம் மங்கியது. சுத்தியல் வெறும் பட்டடையில் 'டிங்' என்றது.

"நிறுத்து. இன்னொரு தடவை காய்ச்சணும்" என்றார் ஆசாரி.

"வெளியாளு முன்னால இந்தக் குட்டிப்பய என்னை அடக்குறதா?" என்று சம்மட்டி கத்தியது. "எனக்குத் தெரியாத இரும்பா? இந்தா, இப்பவே முடிச்சுக் காட்டுறேன்!"

"ஐயோ வேண்டாம், நான் ஆறிப்போயிட்டேன்!" என்று கோடாலி அலறியது.

கேட்டால்தானே! ஓங்கி மூன்று அடி. மூன்றாவது அடியில் கோடாலி, வாயிலிருந்து காம்புத் துளைவரை பிளந்து இரண்டு துண்டாக விழுந்தது. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை.

சரி, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தடியன் என்ன சொன்னான் தெரியுமா? "இரும்பு நோஞ்சான். அதுக்கு நான் என்ன பண்ண?" இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்நேரம் மேற்கே பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. பட்டறை வாசலிலிருந்தே பார்க்க முடிந்தது. காத்தாயியின் வீடு இருந்த இடத்தில் ஓலைக் கூரை மட்டும் தண்ணீரில் மிதந்தது.

காத்தாயி அழவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த கோடாலிக் காம்பைக் கையில் எடுத்தாள்.

"நீயா எந்திரிக்கிற திமிருலதான அடிச்ச? இனிமே நீயா எந்திரிக்கவே கூடாது. புடிங்க ஆசாரியாரே அதை!"

ஆசாரிக்கும் ரத்தம் கொதித்தது. சம்மட்டியைக் குறடால் கவ்வி உலைக்குள் தள்ளினார். உள்ளே கிடந்தபடியே அது வாய்க்கு வந்தபடி திட்டியது. செக்கச் செவேலென்று பழுத்ததும் வெளியே இழுத்து, அதன் நடுநெஞ்சில் உளியை வைத்து, அந்தச் சின்னச் சுத்தியலாலேயே அடித்துத் துளை போட்டார். ஆறியதும் காத்தாயி காம்பைச் செருகித் தரையில் குத்திக் குத்தி இறுக்கினாள். காம்பு இறங்க இறங்கச் சம்மட்டியின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. எழுந்து பார்த்தது. முடியவில்லை.

"என்னைக் கொஞ்சம் தூக்கி விடேன்" என்று கெஞ்சியது. அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

"நான் தூக்குறப்ப எந்திரி, போதும்" என்றாள் காத்தாயி.

உடைந்த துண்டுகளை மறுபடி காய்ச்சினார்கள். ஆசாரி சுத்தியலால் இடம் காட்ட, காத்தாயி சம்மட்டியைத் தூக்கி அடித்தாள். 'டிங்' என்றால் நிறுத்தினாள். கோடாலி ஒட்டியது. அதற்குப் புதுக் காம்பு போட்டு, போய் மரத்தை வெட்டினாள். ஓடை திறந்தது, ஊரில் மற்றவர்கள் வீடெல்லாம் பிழைத்தன. அவள் வீடு போனது போனதுதான்.

அன்று தொடங்கித்தான் சம்மட்டி எந்தப் பட்டறையிலும் தானாக எழுவதில்லை. இன்றைக்கு மின்சாரம் பூட்டி ஆளுயர இயந்திரமாக நிறுத்தி வைத்தாலும், ஒரு மனிதக் கால் அதன் மிதிகட்டையை அழுத்துகிறவரை வாயை மூடிக்கொண்டு காத்துத்தான் நிற்கிறது.