மாடத்தி தோப்புச் சாவி

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் கோமதியம்மாவின் ஆசிரமம் இருந்தது. அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு. முன்பு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர். அடுத்தவர் பேச்சைக் கேட்டுக் கேட்டே தன் பேச்சு குறைந்துபோனதாகச் சொல்வார்.

சீடர்கள் பதினைந்து பேர். அவர்களில் வயதில் மூத்தவர் பேராசிரியர் ஞானசிகாமணி. கல்லூரியில் முப்பது வருடம் வரலாறு நடத்திவிட்டு, ஓய்வுபெற்றதும் அமைதி தேடி வந்தவர். வரும்போது இரண்டு டிரங்குப்பெட்டி நிறைய அமெரிக்க வரலாற்றையும் கொண்டுவந்திருந்தார். அமைதி கிடைக்காததற்கு அந்தப் பெட்டிகள்தான் காரணம் என்று சமையற்கட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் காலை அவர் கோமதியம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, பதினெட்டு வருடமாக ஒரு கேள்வி என்னைக் குடைகிறது."

"கேளுங்க."

"1898-இல் அமெரிக்கா ஸ்பெயினோடு சண்டை போட்டது. அடிமைப்பட்டவர்களை விடுவிக்கிறோம் என்றது. பிலிப்பைன்ஸிலிருந்து ஸ்பெயினை விரட்டியது. விரட்டிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டது. நாற்பத்தெட்டு வருடம்! எதற்காக அம்மா? சரக்கு விற்கச் சந்தை வேண்டுமென்றா? கப்பலுக்குக் கரி நிரப்பத் துறைமுகம் வேண்டுமென்றா? நாகரிகம் கற்பிப்பது கடமை என்றா? நாம் விட்டால் ஜெர்மனி வந்துவிடும் என்ற பயமா? அவர்களுக்குள்ளேயே எவ்வளவு விவாதம்! எதுதான் உண்மையான காரணம்?"

கோமதியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பக்கத்துத் தோப்பு மாடத்தி நேத்து வந்து அழுதா," என்றார்.

"நான் பிலிப்பைன்ஸைப் பற்றி..."

"புருசன் செத்துப்போனதும், அவனோட அண்ணன் வண்டிமலையான் வந்து பம்புசெட் ரூமைப் பிடிச்சு, சாவியோட உள்ளேயே உக்காந்துக்கிட்டானாம். நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போய் ஒத்தாசை பண்ணிட்டு வாங்க."

பேராசிரியர் நான்கு பேரோடு கிளம்பினார்.

அவர்கள் போனபோது வண்டிமலையான் ஏற்கெனவே பாதி உயிராக இருந்தான். மாடத்தியும் அவளுடைய மூன்று மகள்களும் ஒரு வாரமாக மண்ணாங்கட்டியும் விளக்குமாறுமாகப் பம்புசெட் ரூமைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு டீ குடிக்கக்கூட அவனால் வெளியே வர முடியவில்லை. பேராசிரியரைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகக் குசுகுசுத்தான்.

"ஐயா, நான் போறதுக்கு ரெடி. ஆனா பொம்பளைங்க கையில சாவியைக் குடுத்துட்டுப் போனேன்னா ஊர்ல தலைகாட்ட முடியாது. நீங்க படிச்சவங்க. கொஞ்ச நேரம் சத்தம் போடுங்க, நானும் போடுறேன். அப்புறம் உங்ககிட்ட குடுத்துடுறேன்."

பேராசிரியருக்கு இது நியாயமாகப் பட்டது. சண்டை போட்டுப் பழக்கமில்லாததால், "வெளியேறுக! உடனே வெளியேறுக!" என்று சுத்தத் தமிழில் கத்தினார். உள்ளே வண்டிமலையான், "வெட்டிருவேன், குத்திருவேன்" என்று கூவிக்கொண்டே பாயைச் சுருட்டினான். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பேராசிரியர் அவனுக்கு ஆசிரமத்திலிருந்து ஒரு மூட்டை அரிசி கொடுத்து மினிபஸ் ஏற்றிவிட்டார். சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாடத்தி கையை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறும்மா," என்றார் பேராசிரியர்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது அவருக்கே தெரியாது. காரணங்கள் மதியச் சாப்பாட்டுப் பந்தியில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற சீடர் சொன்னார்: "அந்தம்மாவுக்குச் சொட்டுநீர்ப் பாசனம்னா என்னன்னே தெரியாது. ரெண்டு வருசம் நாம கூட இருந்து பழக்கிவிட்டுக் குடுப்போம். அதுதான் தர்மம்."

சமையல் பொறுப்பாளர் சாம்பார் வாளியோடு நின்றார். "தர்மத்தோட தேங்காயும் வரும். இங்க சட்னிக்குத் தேங்காய் இல்லாம எத்தனை நாள் பொட்டுக்கடலையை மட்டும் அரைக்கிறது?"

"நாம விட்டா செங்கல்சூளைக்காரன் வளைச்சுப் போட்டுருவான்," என்றார் இன்னொருவர்.

"எனக்குச் சம்மதமில்லை!" என்று எழுந்தார் முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "தோப்பைச் சேர்த்துக்கிட்டா மாடத்தியும் வருவா, மகள்களும் வருவாங்க, பதினோரு ஆடும் வரும். நாளைக்கு இந்தப் பந்தியில பக்கத்து இலையில உக்காருவாங்க. ஆசிரமத்தோட தரம் என்ன ஆகுறது? குடுத்துருங்க அவகிட்டயே!"

பேராசிரியர் பரவசத்தோடு எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார். இவ்வளவு தரமான விவாதத்தை அவர் கல்லூரியில்கூடக் கேட்டதில்லை.

மாடத்தி தினமும் வாசலுக்கு வந்தாள்.

"சாமி, தென்னம்பிள்ளையெல்லாம் வாடுது. சாவி?"

"விவாதம் நடக்கிறது அம்மா. இரண்டு தரப்பிலும் வலுவான வாதங்கள்."

"என்ன ரெண்டு தரப்பு? தோப்பு ஒண்ணுதானே சாமி இருக்கு?"

ஒன்பதாம் நாள் அவள் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மண்ணாங்கட்டி வந்து பேராசிரியரின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே வேலியைப் பார்த்தார். அவளுக்காக அடிவயிற்றிலிருந்து கத்தி மூன்று நாள் குரல் கட்டிக் கிடந்தவர் அவர்.

"பார்த்தீங்களா, இன்னும் பக்குவம் வரலை," என்றார் வேளாண்மைத் துறைக்காரர். "ரெண்டு வருசம் போதாது. அஞ்சாக்குங்க."

அன்று மதியம் பேராசிரியர் சாப்பிடாமல் டிரங்குப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் எழுந்து நின்று, இது தப்பு, திருப்பிக் கொடுங்கள் என்று பேசியவர்களின் பக்கங்களைப் புரட்டினார். கண் கலங்கியது. அப்படியே எழுந்து பந்திக்கு வந்து ஒன்றேகால் மணி நேரம் பேசினார். ரசம் ஆறிப்போனது. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள்.

தூக்கிய கைகளை எண்ணியதும் பேராசிரியர் கோமதியம்மாவிடம் ஓடினார். அம்மா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அம்மா! மாடத்தியிடமே சாவியைக் கொடுப்பதென்று முடிவாகிவிட்டது! வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குச் சின்னதாக ஒரு விழா. மாடத்திக்கு ஒரு சால்வை. நான் வரவேற்புரை."

"நல்லது."

"அமெரிக்காவில் நியாயம் தோற்றது அம்மா. நம் ஆசிரமத்தில் ஜெயித்துவிட்டது. எட்டுக்கு ஏழு!"

கோமதியம்மா ஒரு சேலையை உதறி விரித்தார்.

"எட்டாவது கை யாருது?"

"தலைமையாசிரியருடையது. அவர் ஆடு வந்துவிடும் என்ற பயத்தில்தான்... ஆனாலும் ஓட்டு ஓட்டுதானே அம்மா?"

"அவருக்கு இன்னைக்கு வயித்துவலி. காலையில எங்கிட்டதான் கஷாயம் வாங்கிக் குடிச்சாரு. பந்திக்கு வரலைன்னுதான் இருந்தாரு, நான்தான் மோராவது குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பினேன்."

"நல்ல வேளை அம்மா!"

"அவரு வராமப் படுத்திருந்தா," என்றார் கோமதியம்மா, "மாடத்தி தோப்பு யாருது?"

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மாடத்தியும் மகள்களும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கை இடுப்பிலிருந்த சாவிக்குப் போனது.