ராஜாளியைக் கொன்றது யார்?

வெகு காலத்துக்கு முன்பு வேங்கைமலை நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். அவனுக்குப் பிள்ளை இல்லை; ஒரு ராஜாளி இருந்தது. கோபம் வந்தால் அதனிடம் மட்டும்தான் பேசுவான்.

"ராஜாவின் பறவை ராஜாவுக்கு முன்னால் சாப்பிடலாமா?" என்று சேனாபதி அனந்தப்பர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். ராஜாளிக்கான இறைச்சி பொற்கிண்ணத்தில் சிம்மாசனத்தின் முன்னால் இருக்கும். ராஜா சாப்பிட்ட பிறகே பறவைக்கு.

சித்திரையில் ஒருநாள் நாட்டியம் நீண்டுபோய், ராஜா சாயங்காலம்தான் சாப்பிட்டான். மறுநாள் ராஜாளி செத்துக் கிடந்தது.

"விஷம்! பறவைக்காரன் சடையனைக் கழுவில் ஏற்றுங்கள்" என்றார் அனந்தப்பர். சடையனை வேலைக்குச் சேர்த்தவர் மந்திரி நல்லாண்டார். அவர்மேல் சேனாபதிக்கு நெடுநாள் பொறாமை.

"என் கையில் தூங்கின உயிரு சாமி அது" என்று சடையன் அழுதான்.

"இவன் கொல்லவில்லை மகாராஜா. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவன் கொன்றது" என்றார் மந்திரி.

அனந்தப்பர் சிரித்தார். "நடுவானில் கொக்கை அடிக்கிற ராஜாளியை ஒரு தூசி கொன்றதாம்! மந்திரிக்கு வயசாகிவிட்டது."

"ஒரு சொட்டு மோரில் அது ஊராகக் குடியிருக்கும். பானைப் பாலைத் தயிராக்குவது அந்த இனந்தான்."

"தயிர் என்னைக் கொல்லவில்லையே?" என்றான் ராஜா.

"நல்லதும் பொல்லாததும் கலந்த இனம். நம் சபையைப்போல."

"நிரூபித்துக் காட்டும். தவறினால் சடையனோடு உமக்கும் கழுதான்" என்றான் ராஜா.

மறுநாள் காலை மந்திரி கேட்டுக்கொண்டபடி அனந்தப்பரே நல்ல இறைச்சியை வெட்டிக் கிண்ணத்தில் வைத்தார். வெயில் ஏறியது. ஈக்கள் வந்தன. மந்திரி சொன்னபடி ராஜா அன்றும் சாயங்காலம்தான் சாப்பிட்டான். அவன் எழுந்ததும் மந்திரி கிண்ணத்தைச் சேனாபதியிடம் நீட்டினார்.

"விஷம் கலக்காதது. நீங்களே வைத்தது. சாப்பிடுங்கள்."

அனந்தப்பர் வாயருகே கொண்டுபோய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஐயோ, நாறுகிறதே! தின்றால் செத்துப்போவேன்!"

"யார் கொல்வார்? கிண்ணத்துக்குள் வாளா இருக்கிறது?"

அனந்தப்பரின் சேனாபதி மோதிரத்தைக் கழற்றச் சொன்னான் ராஜா. தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். சடையனின் கட்டை அவிழ்த்தார்கள்.

"இரண்டில் எதுதான் பெரிது நல்லாண்டாரே, ராஜாளியா, அந்த ஜீவனா?"

"எனக்குத் தெரியவில்லை மகாராஜா. அதற்கும் பசி, இதற்கும் பசி. ராஜாளியைக் காக்கவைத்தது நாம்."

"நாம் இல்லை, நான்" என்ற ராஜா, சடையனின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தான்.