அரசாங்கக் கோளாறு

அந்த நாட்டில் பாதி வலைத்தளங்கள் திறக்காது. அரசாங்கம்தான் அடைத்தது என்று வாய்விட்டுச் சொன்னால் ஜெயில். ‘கோளாறு’ என்றுதான் சொல்ல வேண்டும். மந்திரியே அப்படித்தான் சொல்வார்.

செல்போன் ரிப்பேர் கடை பூங்காவனம், வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தளங்களைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். விஷயம் காதுக்கு எட்டி, பெரிய அதிகாரி ஒருவர் போலீசோடு வந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது.

“கடையைச் சாத்திட்டு ஜீப்புல ஏறு!”

“நான் என்னங்க ஐயா தப்பு பண்ணினேன்?”

“அரசாங்கம் அடைச்ச...” என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட வந்த போலீஸ்காரர்களே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

“கோளாறுன்னு மந்திரியே சொல்றாரு. கோளாறைச் சரி பண்றதுதானுங்களே ஐயா என் பிழைப்பு?”

அதிகாரி தன் போனை எடுத்து நீட்டினார்.

“இதுலயும் அந்தக் கோளாறு இருக்கு. சீக்கிரம் பாரு.”