அண்டாவுக்கு இரண்டு காது

"அண்ட் வந்தா இஸ் ஏன் வரக்கூடாது டீச்சர்?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

அவள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள். நிறைமதி டீச்சர் அவளைவிட வயதில் மிகவும் சின்னவள். பிற்பகலில், கழுவிவிட்ட சமையல்கூடத்திலேயே உட்கார்ந்து அவளுக்கும், கூடச் சமைக்கும் ஜெபமணிக்கும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள்.

பத்தாவது தேறினால் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைக்கும். இடம் ஒன்றுதான்.

அது தெரிந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

அன்று ஜெபமணி பாடத்துக்கு வரவில்லை. ஆவுடைத்தாயின் சிலேட்டில் இருந்த வரி இது: ஆவுடை அண்ட் ஜெபமணி இஸ் குக்கிங்.

டீச்சர் 'இஸ்' என்பதை அடித்து, மேலே 'ஆர்' என்று எழுதியிருந்தாள்.

"அல்லதுன்னு வந்தா எனக்கு நல்லா விளங்குது டீச்சர். நான், அல்லது அவ. யாராவது ஒருத்தி. இந்த அண்ட்தான் மண்டையில ஏற மாட்டேங்குது. பரீட்சை வேற வருது. எனக்குத் தூக்கமே இல்ல."

டீச்சர் மூலையில் இருந்த இரண்டு வாளிகளைப் பார்த்தாள்.

"சாம்பாரை ஏன் வாளியில கொண்டு வாறீங்க? முன்னெல்லாம் அண்டாவோட வருமே?"

"அதைத் தூக்க ரெண்டு பேர் வேணும்."

"ரெண்டு பேர் இருக்கீங்களே."

"இருக்கோம். ஆனா அவ சோலி அவளுக்கு. என் சோலி எனக்கு."

டீச்சர் தான் எழுதிய 'ஆர்' என்பதை விரலால் அழித்தாள்.

"அப்ப நீங்க எழுதினது சரிதான் அக்கா."

"பரீட்சையில தப்புன்னு போடுவாங்களே!"

"போடுவாங்க."

டீச்சர் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை.

சமையல்கூடத்துக்கும் பிள்ளைகள் சாப்பிடும் கூடத்துக்கும் நடுவே திறந்த முற்றம். ஆவுடைத்தாய் வாளியோடு ஓடினாள். ஜெபமணி வாளியோடு ஓடினாள். சாம்பாரில் மழை விழுந்தது. கடைசி வரிசைப் பிள்ளைகள் வெறும் சோற்றைத் தின்னத் தொடங்கியிருந்தார்கள்.

ஆவுடைத்தாய் திரும்பி வந்து வாளியைக் கீழே வைத்தாள். அண்டாவை மூடினாள்.

"ஏளா, அந்தக் காதைப் பிடி."

"யாரைச் சொல்லுத?"

"இங்க வேற எவ இருக்கா?"

"அதான் இன்னிக்கு இந்த மழையா?" என்றாள் ஜெபமணி.

துணி சுற்றித் தூக்கினார்கள். முற்றம் வழுக்கியது. ஒருத்தி நின்றால் மற்றவளும் நிற்கவேண்டியிருந்தது.

"மெதுவா யக்கா."

"நீ மெதுவா போ. எனக்குத் தெரியும்."

கடைசி வரிசைக்குச் சாம்பார் ஆவி பறக்கப் போய்ச் சேர்ந்தது.

பிற்பகலில் டீச்சர் அதே வரியை, நடுவே ஒரு சொல்லை விட்டு, இருவருக்கும் கொடுத்தாள். ஆவுடைத்தாய் யோசிக்காமல் 'ஆர்' என்று எழுதினாள். டீச்சர் பார்த்துத் தலையசைத்தாள்.

ஜெபமணி 'இஸ்' எழுதியிருந்தாள்.

"இது ஏன் தப்பு டீச்சர்? எனக்கு மட்டும் ஏன் விளங்கல?"

டீச்சர் ஆவுடைத்தாயைப் பார்த்தாள்.

ஆவுடைத்தாய் சிலேட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். இடம் ஒன்றுதான்.

பிறகு கேட்டாள்:

"ஜெபா, நடு முற்றத்துல நீ மட்டும் கையை விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"என்ன ஆகும்? ரெண்டு பேரு காலும் வெந்திருக்கும்."

"அப்ப அதை அழிச்சிட்டு எழுது."