தண்ணி பட்டாக் கெட்டுப் போற சாமான்

கோணமூக்கன்குளம் மாடக்கண்ணு வீட்டாரைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நல்ல மனுசங்க. யாராவது ஒரு சொல் சொன்னா அந்தச் சொல்லை விட்டு நூலிழை நகர மாட்டாங்க, அது ஒண்ணுதான் குறை.

வீட்டுல நாலு பேர். மூத்தவர் மாடக்கண்ணு, அவர் சம்சாரம் சொர்ணத்தாய், தம்பி இசக்கியப்பன், தம்பி பொண்டாட்டி பொன்னரசி. பொன்னரசிக்கு நிறைமாசம். வாசல்ல ஒரு பழைய கார் நின்னுச்சு.

அந்த வருசம் ஐப்பசி மழை அடிச்சு ஊத்துச்சு. குளத்துக் கரையில விரிசல் கண்டதும் தலையாரி ஆவுடையப்பன் குடையும் மைக்குமா ஓடி வந்தார். "சாயங்காலம் வரைக்கும் கரை தாங்காது. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. நர்சம்மாவும் அங்கதான் இருக்காங்க. தண்ணி பட்டாக் கெட்டுப் போற சாமானை மட்டும் கார்ல ஏத்துங்க, மிச்சம் கிடக்கட்டும்"னு சொல்லிட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டார். நின்னு பார்த்திருக்கணும் பாவி மனுசன்.

"எது கெடும், எது கெடாதுன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்க?"ன்னு இசக்கியப்பன் கேட்டான்.

மாடக்கண்ணு நாடியைத் தடவி யோசிச்சார். "முக்கிப் பார்த்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது."

தொட்டியை நிரப்பி ரேடியோவை முக்கினாங்க. கொர்ருன்னு இழுத்துட்டு அடங்கிருச்சு. "கெட்டுப் போச்சு, கார்ல வை." அப்பளக்கட்டு கூழாப் போச்சு. "அதையும் வை." பித்தளைக் குடம் பளபளன்னு வெளியே வந்துச்சு. "இது கெடாது, கிடக்கட்டும்." சொர்ணத்தாயோட கல்யாணப் பட்டு சாயத்தைக் கக்குச்சு. அவளுக்குக் கண்ணு கலங்கினாலும், சேலைக்குக் கார்ல இடம் கிடைச்சுதேன்னு மனசைத் தேத்திக்கிட்டா.

கடைசியா கல்லுப்பு. வாளித் தண்ணியில கொட்டிக் கலக்கினாங்க. கொஞ்ச நேரத்துல ஆளையே காணோம்.

"உப்பு எங்கலே?"

"உள்ளதான் இருக்குண்ணே. நாக்குல வெச்சுப் பார்த்துட்டேன்."

"அப்ப வாளியோட ஏத்து. பிறக்கப் போற பிள்ளைக்குத் திருஷ்டி சுத்திப் போட உப்பு வேணும்லா."

கார் கூரை வரைக்கும் நிறைஞ்சுது. இனி ஆளுங்க எங்க உட்கார? அதுக்கு ஒரு பஞ்சாயத்து கூடுச்சு.

"மனுசன் தண்ணி பட்டாக் கெடுவானா?"ன்னு மாடக்கண்ணு கேட்டார்.

"தினம் குளிக்கோம், ஒண்ணும் கெடலையே"ன்னா சொர்ணத்தாய்.

"அப்ப நாம மிச்சத்துல சேர்த்தி. இங்கனதான் கிடக்கணும்."

பொன்னரசி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மாடக்கண்ணுவைப் பார்த்தா. "அத்தான், எனக்கு வலி எடுத்திருச்சு. பயமா இருக்கு."

மாடக்கண்ணு மெதுவாக் கேட்டார். "நீ காலையில குளிச்சியாம்மா?"

"குளிச்சேன்."

"கெட்டுப் போனியா?"

"இல்ல அத்தான்."

மாடக்கண்ணு துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "அப்ப நான் என்னம்மா செய்ய முடியும்?"

தெருவுல கணுக்கால் தண்ணி வந்தப்ப தலையாரி திரும்பி வந்தார். சங்கதியைக் கேட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். "கூறுகெட்ட குடும்பமா இருக்கே. சாமானைப் பூரா இறக்குங்க. ஆளுங்க மட்டும் ஏறுங்க, கூட ஒரு துரும்பு வரக்கூடாது."

எல்லாத்தையும் வீட்டுக்குள்ள இறக்கிட்டு ஏறினாங்க. கார் நகரலை.

"என்ன வே, இன்னும் நிக்கீரு?"ன்னார் தலையாரி.

"சாவியை உள்ள வெச்சிட்டேன்"னான் இசக்கியப்பன். "அது துரும்பை விடப் பெரிசுல்லா."

தலையாரியே தண்ணியில இறங்கிச் சாவியை எடுத்தார், தானே காரையும் ஓட்டினார். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து, நர்சம்மா கையைக் கழுவுறதுக்குள்ள பொம்பளப் பிள்ளை பிறந்துருச்சு. அதே வேகத்துல குளமும் உடைஞ்சுது. ஆத்தாளும் பிள்ளையும் சுகம்னு கேட்டதும் மாடக்கண்ணு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தெருவுல தண்ணி வடிஞ்சதும் ஊர் திரும்பினாங்க. வீட்டுத் தரை தெருவை விடப் பள்ளம்ங்கறதால, வீட்டுக்குள்ள மட்டும் இடுப்பளவு தேங்கி நின்னுச்சு. உப்பு வாளி கவுந்து மிதந்துச்சு.

"பள்ளிக்கூடத்துல ஊர்க்கண்ணு பூரா பிள்ளை மேலதான். முதல்ல சுத்திப் போடணும்"னா சொர்ணத்தாய். "உப்பு?"

"உப்பு பூரா வீட்டுத் தண்ணிக்குள்ள கிடக்கு மைனி"ன்னான் இசக்கியப்பன்.

"கடையில ஒரு பொட்டலம் வாங்கித் தாரேன்"னார் தலையாரி.

"அது வேற உப்பு. இது இவளுக்குன்னு எடுத்து வெச்சது." மாடக்கண்ணு மறுபடியும் நாடியைத் தடவினார். "உப்பைத் தூக்கிப் பிள்ளையைச் சுத்த வழியில்லை. பிள்ளையைத் தூக்கி உப்பைச் சுத்துவோம்."

சொர்ணத்தாய் பிள்ளையை ஏந்திக்கிட்டா, தலையாரி குடை பிடிச்சார். வீட்டை மூணு சுத்து சுத்தினாங்க.

"சுத்தின உப்பைத் தண்ணியில கரைக்கணுமேண்ணே?"

"அதை அன்னிக்கே கரைச்சாச்சுலே. இனி பிள்ளை துப்பணும், அவ்வளவுதான்." மாடக்கண்ணு குனிஞ்சு, "துப்பு தாயி"ன்னார்.

பிள்ளை வாயைக் கோணிச்சு. கொளக்குன்னு குடிச்ச பாலை வாசப்படியில கக்குச்சு.

மாடக்கண்ணுக்குப் பெருமை தாங்கலை. தலையாரி பக்கம் திரும்பினார். "சொன்னதை அப்படியே செய்யுது பார்த்தீரா? எங்க குடும்பத்துப் பிள்ளை வே."